உயில் எழுதாத குடும்பங்கள்: திண்டுக்கல் சமவெளியில் நில ஆவணங்களின்வழி வமிச வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு குடும்பத்தின் கால்வழியை உயில்களையும் நிலப் பத்திரங்களையும் கொண்டு நிறுவும் முறை அமெரிக்காவின் குடியேற்றக் கால ஆய்வுகளில் வேரூன்றியது. அம்முறையைத் திண்டுக்கல் வட்டாரத்து உழவர் குடும்பங்களுக்கு அப்படியே பொருத்த இயலாது. இங்கு உயிலின் இடத்தைப் பாகப் பிரிவினையும் கிணற்றுப் பங்கும் பிடித்துக்கொண்டுள்ளன என்பதையும், அவற்றைப் படிக்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பாகப் பத்திரம், கூர்ச்சீட்டு, கிணற்றுப் பங்கு, உட்பிரிவு எண், பதிவுப் புத்தகம், இனாம் பதிவேடு.

முன்னுரை

மாசசூசெட்சு வளைகுடாக் குடியேற்றத்தில் நிலப் பத்திரங்களைப் பதிவு செய்யும் விதி 1640-இலேயே வந்துவிட்டது. ஒருவர் இறந்தால் அவருடைய உயில் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டது. உயில் இல்லையெனில் பொருட்பட்டியல் எடுத்து, சொத்து பிரிக்கப்பட்டது. அந்தக் கோப்பில் மனைவி, மக்கள், மருமக்கள் ஆகியோர் பெயர்கள் வரிசையாக நிற்கும். உயிலற்ற சொத்தில் மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு அளிக்கும் வழக்கம் நியூ இங்கிலாந்தில் இருந்ததால், பங்கின் அளவே பிறப்பு வரிசையையும் காட்டிக்கொடுத்தது. முந்நூறு நானூறு ஆண்டுக் குடும்ப வரலாறுகளை அந்நாட்டார் எழுத முடிந்தமைக்கு அடிப்படை இதுவே.

திண்டுக்கல்லுக்கும் அந்நாட்டுக்கும் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. அமெரிக்க மதுரை மிஷன் 1834-இல் தொடங்கப்பெற்று, மறு ஆண்டே திண்டுக்கல்லில் ஒரு நிலையத்தை அமைத்தது. அம்மிஷன் குடும்பங்களுள் ஒன்றில் 1849-இல் பிறந்த ஜே. எஸ். சாண்ட்லரே பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிப் பணிக்குத் தலைமை ஏற்றவர். இத்தகைய மிஷன் குடும்பத்தின் முன்னோரைத் தேடுவோர்க்கு அட்லாண்டிக்குக்கு அப்பால் ஊர்ப் பதிவேடும் தேவாலயப் பதிவேடும் நீதிமன்றக் கோப்பும் காத்திருக்கின்றன. அதே திண்டுக்கல்லில் அவர்களுக்கு அண்டை நிலத்தில் புகையிலை பயிரிட்ட உழவரின் பாட்டனாரைத் தேடுவோர்க்கு எது காத்திருக்கிறது என்பதே இங்கு எழும் வினா. ஒன்றுமில்லை என்பது பலரும் தரும் விடை. அவ்விடை பொருத்தமற்றது. சான்று உண்டு. அது உயிலின் வடிவில் இல்லை, அவ்வளவே.

உயில் ஏன் இல்லை?

தமிழகத்து இந்துக் குடும்பங்களுக்கு வழங்கிய மிதாட்சரச் சட்டத்தில் பூர்வீகச் சொத்து தந்தைக்கு மட்டும் உரியதன்று. மகன் பிறந்த அன்றே அதில் பங்காளியாகிறான். கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் இறந்தால் அவருடைய பங்கு எஞ்சிய பங்காளிகளைத் தானாகவே சேரும். இறந்தவர் 'விட்டுச் செல்ல' அதில் ஏதும் இல்லை. பிரிவுபடாத பங்கை விலைக்கு விற்க ஒருவருக்கு உரிமை உண்டு என்று ஏற்ற சென்னை உயர்நீதிமன்றமும், அதே பங்கை உயிலால் எழுதிவைக்க இயலாது என்று 1870-களில் தீர்த்தது. இந்நிலை 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு வரும்வரை நீடித்தது. அதன் பின்னரே கூட்டுக் குடும்பப் பங்காளி தம் பங்குக்கு உயில் எழுதும் உரிமை பெற்றார்.

எனவே 1956-க்கு முற்பட்ட உயில் ஒன்று கைக்குக் கிடைக்குமாயின், அதன் உள்ளடக்கத்தைப் படிக்கும் முன்னரே அது இருப்பதன் பொருளை உணர வேண்டும். எழுதியவர் முன்பே பாகம் பிரிந்தவராக இருக்கலாம். ஆண் பங்காளி எவரும் இல்லாதவராக இருக்கலாம். அல்லது எழுதப்பட்ட சொத்து அவர் தாமே தேடியதாக இருக்கலாம். 'சுயார்ஜிதம்' என்ற சொல் அத்தகைய உயில்களில் தவறாது இடம்பெறுவதற்குக் காரணம் இதுதான். சிவகங்கை ஜமீன் வழக்கில் 1863-இல் பிரிவி கவுன்சில் அளித்த தீர்ப்பு இவ்வேறுபாட்டின் விளைவைக் காட்டும். குடும்பம் பிரிவுபடாதிருந்தாலும், ஒருவர் தனியே ஈட்டிய சொத்து பங்காளிகளைச் சேராமல் அவருடைய சொந்த வாரிசுகளையே சேரும் என்பது அத்தீர்ப்பு. 'பிதுரார்ஜிதம்', 'சுயார்ஜிதம்' என்னும் இரு சொற்களுள் எது பத்திரத்தில் உள்ளது என்பதைப் பொறுத்து ஒரு ஜமீனே கைமாறிவிடும். ஆவணத்தில் வரும் இச்சொற்களை வெறும் வாய்பாடுகள் என்று கருதித் தாண்டிச் செல்பவர் குடும்ப வரலாற்றின் கணுவைத் தவறவிடுகிறார்.

எழுதப்பட்ட உயில்களும் நீதிமன்றக் கோப்புகளாக நிலைக்கவில்லை. 1870-ஆம் ஆண்டு இந்து உயில்கள் சட்டம் தென்னகத்தில் சென்னை நகருக்கும் அங்குள்ள நிலைச் சொத்துகளுக்கும் மட்டுமே பொருந்தியது. சாட்சிக் கையொப்பம் முதலிய விதிகள் பிற ஊர்களின் இந்து உயில்களைக் கட்டுப்படுத்தியது 1927 சனவரி 1-ஆம் நாள் முதல்தான். அதற்கு முன் திண்டுக்கல்லில் மரணப் படுக்கையில் வாயால் சொன்ன ஏற்பாடும் செல்லுபடியாகும் உயிலே. உயர்நீதிமன்றத்தின் மெய்ப்பிப்பு ஆணை பெறும் கட்டாயமும் சென்னை நகருக்கு வெளியே எழுதப்பட்டு வெளியூர்ச் சொத்தைப் பற்றிய இந்து உயில்களுக்கு இல்லை. அமெரிக்க ஆய்வாளர் முதலில் கேட்கும் கோப்பு, இங்கு உருவாகவே இல்லை. அது தொலைந்துவிட்டதாக எண்ணித் தேடி அலைவது வீண்.

நில ஆவணங்களின் அடுக்கு

திண்டுக்கல் சீமை 1792-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலக் கும்பினியாரிடம் வந்தது. 1796-இல் ஆட்சியர் பொறுப்பேற்ற ஹர்டிஸ் நிலங்களை அளந்து தீர்வை விதிக்கும் பணியை மேற்கொண்டார். ஆயினும் சீமை முழுவதும் ஒரே வகையான ஆவணம் உருவாகவில்லை. கன்னிவாடி, இடையகோட்டை போன்றவை ஜமீன்களாகத் தொடர்ந்தன. விருப்பாச்சிப் பாளையம், கோபால நாயக்கரின் எழுச்சி 1801-இல் ஒடுக்கப்பட்ட பின் அரசின் கைக்குப் போனது. ஆகவே தேடுவோர் முதலில் அறிய வேண்டியது குடும்பத்தின் பெயரையன்று, ஊரின் நிலையை. ரயத்துவாரிக் கிராமமாயின் அரசின் நிலவரித் திட்டப் பதிவேட்டில் பட்டாதாரர் பெயர் உண்டு. ஜமீன் கிராமமாயின் ஜமீன்தார் கொடுத்த பட்டாவும் குடியானவர் எழுதிக் கொடுத்த முச்சிலிக்காவுமே சான்று. அரசுப் பதிவேட்டில் தனியுழவர் பெயர் ஏறுவது 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின்படி நிலவரித் திட்டம் நிறைவேறிய பின்னரே. இரு கிராமங்கள் ஒரே கண்மாயில் நீர் பாய்ச்சுபவையாக இருந்தும், ஒன்றில் கிடைக்கும் சான்று மற்றொன்றில் இரண்டு தலைமுறை பிந்தியே தொடங்கக்கூடும்.

பாளையக்காரர்க்கு வமிசாவளி உண்டு. மெக்கன்சி தொகுப்பில் சேர்ந்த அவ்வமிசாவளிகள் பெருமைக்காகவும், கும்பினியாரிடம் உரிமை நிலைநாட்டுவதற்காகவும் எழுதப்பட்டவை. அவற்றில் உறவு முறையை விடப் பட்டங்களும் பரிசுகளும் மிகுதி. சாதாரணக் குடியானவர்க்கு அப்படி எழுதித் தர எவரும் இல்லை. அவர்களுள் மானியம் பெற்றோர்க்கு மட்டும் ஒரு விலக்கு வாய்த்தது. 1858-இல் தொடங்கிய இனாம் ஆணையத்தின் விசாரணையில், கோயில் பணியாளர், கர்ணம், கொல்லர், தச்சர், கிணறு வெட்டியவர் முதலிய மானியதாரர் ஒவ்வொருவரையும் அழைத்து, மானியம் முதலில் யாருக்குக் கொடுக்கப்பட்டது, இப்போது அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, மூல மானியதாரர்க்கு என்ன உறவு என்று கேட்டுப் பதிந்தனர். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இப்பதிவேடுகள் உள்ளன. பிறப்புப் பதிவு இல்லாத ஒரு காலத்து மனிதரின் வயதை அரசு எழுத்தில் காணக் கிடைப்பது இங்குத்தான். வாய்மொழியாகச் சொன்ன வயதாதலின் ஐந்தாறு ஆண்டுகள் முன்பின்னாகவே அதைக் கொள்ளுதல் தகும்.

ரயத்துவாரிப் பட்டாவுக்கு ஒரு குறை உண்டு. அது தீர்வை தண்டுவதற்காக எழுதப்பட்டது. தீர்வை வந்துகொண்டிருக்கும்வரை பெயரை மாற்ற வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. பாட்டன் இறந்து நாற்பது ஆண்டுக்குப் பின்னும் அவர் பெயரிலேயே பட்டா இருப்பது இயல்பு. 'இன்னார் வகையறா' என்று எழுதப்பட்டால் அந்த வகையறாவுக்குள் எத்தனை பேர் அடங்குவர் என்று பட்டா சொல்லாது. 1979-இல் தொடங்கி அடுத்த எட்டாண்டுகள் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுப் பணியின்போது பல ஊர்களில் இறந்தோர் பெயர்கள் நீக்கப்பட்டு, அனுபவத்தில் உள்ளோர் பெயர்கள் ஏற்றப்பட்டன. அவ்விடத்தில் பெயர்கள் திடீரென மாறுவதைக் கண்டு நிலம் கைமாறியதாகக் கொள்ளலாகாது.

உட்பிரிவு எண்களையும் கவனிக்க வேண்டும். 214 என்னும் புல எண் முதலில் 214/1, 214/2 எனப் பிரிந்து, பின் 214/2ஏ, 214/2பி ஆகி, அதன் பின் 214/2ஏ1, 214/2ஏ2 ஆகுமாயின், நிலம் மூன்று முறை பிரிந்துள்ளது. ஒவ்வொரு எழுத்தும் எண்ணும் ஒரு பிரிவினை நிகழ்வு. விற்பனையாலும் உட்பிரிவு நேரும் என்பதால் எண் மட்டும் போதாது; ஆனால் எந்தப் பத்தாண்டில் எத்தனையாவது பிரிவு என்று பதிவுப் பத்திரங்களில் தேட அது நல்ல வழிகாட்டி.

பதிவுப் புத்தகங்கள்

1864-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்கிய ஆவணப் பதிவு 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்றைய வடிவம் பெற்றது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலைச் சொத்தைப் பற்றிய கிரயம், அடைமானம், தானம் முதலியன கட்டாயம் பதியப்பட வேண்டியவை. உயிலைப் பதிவது எழுதுபவர் விருப்பம். சார்பதிவாளர் அலுவலகத்தில் நிலைச் சொத்துப் பத்திரங்கள் முதற் புத்தகத்திலும், உயில்கள் மூன்றாம் புத்தகத்திலும் படியெடுக்கப்படும். முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் வைப்பாகத் தரப்படும் உயில்களுக்கு ஐந்தாம் புத்தகம். முதற் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கலாம். மூன்றாம் புத்தகத்தின் பதிவுகளை எழுதியவர் உயிரோடிருக்கும்வரை பிறர் பெற இயலாது. அவர் இறந்த பின் விண்ணப்பிக்கும் எவரும் படி பெறலாம்.

முதற் புத்தகத்துக்கு இரண்டு அட்டவணைகள்: ஒன்று ஆட்களின் பெயர்ப்படி, மற்றொன்று சொத்தின்படி. வில்லங்கச் சான்று கேட்போர் சொத்து அட்டவணையை நாடுவர். வமிச வரலாறு தேடுவோர்க்கு உதவுவது பெயர் அட்டவணை. பத்திரத்தில் கையொப்பமிடுபவரை ஊர், தொழில், தந்தை பெயர் ஆகியவற்றோடு குறிக்க வேண்டும் என்பது சட்டம். தந்தை பெயர் கட்டாயமாகிவிட்டதால், ஒவ்வொரு கிரயப் பத்திரமும் ஒரு தலைமுறைத் தொடர்பை உறுதி செய்கிறது. பாகப் பத்திரமாயின் 'நம்மில் 1-ஆவது நபர் 2, 3 நபர்களுக்குத் தகப்பனார்' என்று தொடங்கி உறவை முழுவதும் விரித்துரைக்கும். திண்டுக்கல் 1985-இல் தனி மாவட்டமாகும்வரை மதுரை மாவட்டத்துக்கு உட்பட்டிருந்தது. எனவே பழைய பத்திரங்களின் தலைப்பு 'மதுரை ஜில்லா திண்டுக்கல் தாலுகா' என்றே இருக்கும். மேல்நிலை ஆவணங்களைத் தேடுவோர் மதுரையையும் நாட வேண்டி வரும்.

வாய்மொழிப் பாகம் செல்லும் என்பதே இப்பதிவு முறையின் பெரிய இடைவெளி. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பிரித்துக்கொண்டு, யாருக்கு எது என்று எழுதிவைத்த பட்டியலுக்குக் கூர்ச்சீட்டு என்று பெயர். அது பதிவு அலுவலகத்தைக் காணாமல் வீட்டுப் பெட்டியிலேயே இருந்துவிடும். ஆனால் அதன் நிழல் பின்னால் வரும் பத்திரங்களில் விழும். பத்தாண்டு கழித்து ஒரு சகோதரர் தம் நிலத்தை அடைமானம் வைக்கும்போது, 'எனக்குக் கூர்ச்சீட்டுப்படி பாகத்துக்குக் கிடைத்த' என்று எழுதுவார். அவருடைய நான்கெல்லையில் மற்றச் சகோதரர்கள் நிற்பார்கள். வடக்கே ஒருவரின் பாகம், கிழக்கே இன்னொருவரின் பாகம் என்று வரும் செக்குபந்தி விவரத்தை, சொத்தின் எல்லையைக் காட்டும் பகுதி என்று மட்டும் எண்ணிவிடலாகாது. ஒரே புல எண்ணுக்குள் அடங்கிய எல்லைக்காரர்கள் பெரும்பாலும் பங்காளிகள்.

கிணற்றுப் பங்கு

திண்டுக்கல் சமவெளி வானம் பார்த்த பூமி. நிலக்கோட்டைப் பகுதியின் வைகைப் பாசனம் நீங்கலாக, வேடசந்தூர், சாணார்பட்டி, ஒட்டன்சத்திரம் வட்டாரங்களின் தோட்டப் பயிர் கிணற்றையே நம்பியது. புகையிலை, காய்கறி, பூ ஆகியவற்றுக்குக் கிணற்று நீர் இன்றியமையாதது. பாறையைத் தகர்த்து வெட்டிய கிணற்றை நிலம்போல் துண்டாட இயலாது. அண்ணன் தம்பியர் நிலத்தை வரப்பிட்டுப் பிரித்துக்கொள்வர். கிணற்றைப் பின்னமாக மட்டுமே பிரிக்க முடியும். அப்பின்னம் அவர்களுடைய பத்திரங்களில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வரும். இதனால், விற்றுப் பிரிந்து போன நிலத்தைக் காட்டிலும் பொதுவில் நிற்கும் கிணறே குடும்ப மரத்தை முழுமையாகக் காக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

விளக்கத்துக்காக ஒரு கிணற்றைக் கற்பனை செய்துகொள்வோம். அதன்மேல் எழுதப்பட்ட பத்திரங்களைத் திரட்டும்போது, ஒருவரிடம் மூன்றில் ஒரு பங்கும், இருவரிடம் ஆறில் ஒரு பங்கு வீதமும், மூவரிடம் ஒன்பதில் ஒரு பங்கு வீதமும் இருக்கக் காண்கிறோம். கூட்டினால் முழுக் கிணறு. மிதாட்சரச் சட்டத்தில் சகோதரர்களுக்குள் சமபங்கு; அடுத்த தலைமுறையில் கிளைவழிப் பங்கு. ஆகவே கிணற்றுக்கு உரியவருக்கு மூன்று புதல்வர். ஒருவர் கிளையில் ஒரே வாரிசு, ஒன்றில் இருவர், மற்றொன்றில் மூவர் என்ற வடிவம் பின்னங்களிலிருந்தே வெளிப்படுகிறது. பெயர்கள் இனிமேல் இவ்வடிவத்தில் பொருத்தப்பட வேண்டியவை.

இவ்வடிவம் ஒரு கருதுகோளே. ஆறில் ஒன்று என்பது இரு புதல்வரின் கீழ் மும்மூவராலும் வரலாம், மூன்று புதல்வரின் கீழ் இவ்விருவராலும் வரலாம். தந்தை உயிரோடிருக்கும்போது பாகம் நடந்தால் அவருக்கும் மகனுக்குச் சமமான ஒரு பங்கு உண்டு. அப்போது மூன்றில் ஒரு பங்கு என்பது தந்தையும் இரு மக்களும் பிரிந்ததைக் குறிக்கும். மூன்றில் ஒரு பங்கு உடையவர் அதை விலைக்கு வாங்கிய அயலாராகவும் இருக்கலாம். எனவே ஒவ்வொரு பின்னத்துக்கும் அது வந்த வழியைப் பத்திரத்திலிருந்து காட்ட வேண்டும். 'பூர்வீகமாய்ப் பாத்தியப்பட்ட' என்ற தொடருக்கும் 'கிரயத்துக்கு வாங்கிய' என்ற தொடருக்கும் உள்ள வேறுபாடு இங்குத் தீர்ப்பளிக்கும்.

பின்னங்களை எழுதும் முறையும் சான்றே. பழைய பத்திரங்கள் முழுமையைப் பதினாறு வீசமாகக் கொண்டு, அரை, கால், அரைக்கால், வீசம் என்று பிரிக்கும். இரண்டாகவும் நான்காகவும் பிரியும் குடும்பத்துக்கு இக்கணக்கு இயல்பாகப் பொருந்தும். மூன்று சகோதரர் வந்துவிட்டால் பதினாறு வீசம் சமமாகப் பிரியாது; எழுதுபவர் 'மூன்றில் ஒன்று' என்று மாறிவிடுவார், அல்லது முறை நாளுக்குத் திரும்புவார். மேற்சொன்ன கிணற்றுக்குப் பதினெட்டு நாள் சுற்று வைத்தால் ஆறு நாள், மும்மூன்று நாள், இவ்விரண்டு நாள் என்று முழு எண்களாகப் பிரிந்துவிடும். ஒரு கிணற்றின் சுற்று எட்டு நாளா, ஒன்பது நாளா, பதினெட்டு நாளா என்பது அக்குடும்பம் இரண்டு இரண்டாகப் பிரிந்ததா, மூன்று மூன்றாகப் பிரிந்ததா என்பதை உணர்த்தும். கமலை ஏற்றம் இருந்த காலத்துப் பத்திரங்களில் கமலை இறைக்கும் பாத்தியமும் மாட்டுத் தடமும் சொல்லப்படும். மின்சாரம் வந்த பின் மின் இணைப்பு எண்ணும் குதிரைத்திறன் அளவும் மோட்டாரில் பங்கும் சேர்ந்துகொள்ளும். பங்கின் அளவு மட்டும் மாறாது. வண்டிப்பாதை, வாய்க்கால் ஆகியவற்றைப் பற்றிய வரிகளையும் இவ்வாறே படிக்க வேண்டும். பொதுவில் விடப்பட்ட எதுவும் பிரிவதற்கு முந்தைய குடும்பத்தின் அடையாளம்.

நியூ இங்கிலாந்தின் இரட்டைப் பங்கு மூத்தவரைக் காட்டிக்கொடுத்தது போல, சமபங்கு முறை காட்டிக்கொடுக்காது. பாகப் பத்திரத்தில் நபர்களை எண்ணிடும் வரிசையும், ஏ, பி, சி என்னும் சொத்து விவரப் பட்டியல்களின் வரிசையும் பெரும்பாலும் வயது வரிசையைப் பின்பற்றுவதால் அக்குறை ஓரளவு நீங்கும்.

பெயரும் பெயரனும்

பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். இவ்வழக்கத்தால் ஒரு குடும்பத்தில் இரண்டு பெயர்களே மாறி மாறி வரும்: முத்துச்சாமி மகன் கருப்பணன், கருப்பணன் மகன் முத்துச்சாமி, மீண்டும் முத்துச்சாமி மகன் கருப்பணன். அறுபது ஆண்டு இடைவெளியில் கிடைக்கும் இரு பத்திரங்களில் பெயரும் தந்தை பெயரும் ஒன்றாகவே இருந்தும், எழுதியவர்கள் பாட்டனும் பேரனுமாக இருப்பர். பெயர் அட்டவணையை மட்டும் நம்பித் தொகுப்பவர் ஒரே மனிதருக்குத் தொண்ணூறு ஆண்டு உழைப்பை ஏற்றிவிடுவார். இதைத் தவிர்க்க மூன்று வழிகள் உதவுகின்றன. ஒன்று, மனைவி பெயர் வரும் பத்திரங்களைத் தேடுவது. மற்றொன்று, 'மைனருக்காகத் தாயாரும் கார்டியனுமான' என்று கையொப்பமிட்ட பத்திரத்தைப் பிடிப்பது. அதில் வயதும் இருக்கும், தந்தை இறந்த செய்தியும் இருக்கும். மூன்றாவது, பெரிய, சின்ன, மூத்த, இளைய என்னும் முன்னொட்டுகளைப் பதிவுசெய்துகொள்வது. படியெடுத்த எழுத்தர் இம்முன்னொட்டை விட்டுவிடுவதும் உண்டு. அண்ணன் தம்பியர் இருவர் தத்தம் மகனுக்கு ஒரே பாட்டன் பெயரை வைத்ததால் நேரும் குழப்பத்தைத் தீர்க்க அது ஒன்றே கருவி. ஆதலின் மூலப் பத்திரம் வீட்டில் இருக்குமாயின் அதையே பார்க்க வேண்டும்.

பெண்கள் எங்கே?

பட்டாக்களில் பெண் பெயர் அரிது. அதனால் பெண்வழி உறவு நில ஆவணங்களில் அழிந்துபட்டது என்பது பரவலான கருத்து. சட்டம் மாறிய ஆண்டுகளை ஆவணத்தோடு வைத்துப் பார்த்தால் அது முழு உண்மையன்று என்பது விளங்கும். பழைய சட்டத்தில் பிரிவுபடாத குடும்பத்து விதவைக்குச் சீவனாம்சம் மட்டுமே. அதற்காக எழுதப்பட்ட பத்திரத்தில் அவர் பெயர், கணவர் பெயர், கொழுந்தனார் பெயர்கள் எல்லாம் இருக்கும்; எந்த நிலத்தின் வருவாய் அவருக்கு ஒதுக்கப்பட்டது என்பதும் இருக்கும். 1937-ஆம் ஆண்டுச் சட்டம் விதவைக்குக் கணவர் பங்கில் உரிமை தந்தது. வேளாண் நிலத்துக்கு அது சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் விரிந்தது. பத்தாண்டு இடைவெளியில் ஒரே குடும்பத்தில் விதவையான இரு மருமக்களுள் ஒருவர் சீவனாம்சக்காரராகவும் மற்றவர் பங்குதாரராகவும் ஆவணத்தில் தோன்றுவதற்கு இதுவே காரணம். குடும்பத்தின் விருப்பு வெறுப்பு அன்று.

1956-க்குப் பின் மகள்கள் விடுதலைப் பத்திரங்களில் வந்து சேர்கின்றனர். தந்தையின் பங்கில் தமக்குக் கிடைத்த உரிமையைச் சகோதரர்க்கு விட்டுக்கொடுத்து எழுதும் இப்பத்திரங்கள் துயரம் தருபவை. சிறு தொகை பெற்றுக்கொண்டு 'இனி எனக்கு யாதொரு பாத்தியமும் இல்லை' என்று கைநாட்டு வைத்தோர் பலர். வமிச வரலாற்றுக்கு அவையே வளமான சான்றுகள் என்பது ஒரு முரண். மணமாகிச் சென்ற ஊர், கணவர் பெயர், அக்காள் தங்கையர் எண்ணிக்கை அனைத்தும் அங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் மணமாகாத மகள்களும், நாடு முழுவதும் 2005 செப்டம்பர் 9 முதல் மகள்கள் அனைவரும் பிறப்பாலேயே பங்காளிகள் ஆன பின், பின்னக் கணக்கும் மாறுகிறது. கிணற்றில் மூன்றில் ஒன்று என்பதை மூன்று சகோதரர் என்று படிக்கும் உரிமை இனி ஆய்வாளர்க்கு இல்லை.

வேறு சட்டம், வேறு பின்னம்

ஒரே தெருவில் வாழ்ந்தாலும் எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே கணக்கு பொருந்தாது. இசுலாமியக் குடும்பமாயின் மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதியில் மகனுக்கு மகளைப் போல் இருமடங்கு. மனைவி, ஒரு மகன், ஒரு மகள் மட்டும் விட்டு ஒருவர் இறந்தால் பங்குகள் எட்டில் ஒன்று, பன்னிரண்டில் ஏழு, இருபத்து நான்கில் ஏழு என்றாகும். திண்டுக்கல் பேகம்பூர்ப் பகுதிப் பத்திரம் ஒன்றில் இத்தகைய பின்னம் வந்தால், பெயரைப் படிக்கும் முன்னரே அப்பங்கு ஆணுடையதா பெண்ணுடையதா என்று சொல்லிவிடலாம். உயிலால் மூன்றில் ஒரு பகுதிக்கு மேல் எழுத இயலாது என்பதால், இங்கும் உயிலைவிடப் பங்கே மிகுதியாகப் பேசும்.

கிறித்தவக் குடும்பங்களின் நிலை வேறு. மதம் மாறியவர் பழைய சட்டத்தை விட்டுவிடலாம், விரும்பினால் தொடரலாம் என்று பெல்லாரியிலிருந்து சென்ற ஆபிரகாம் குடும்ப வழக்கில் பிரிவி கவுன்சில் 1863-இல் தீர்த்தது. இரண்டாண்டு கழித்து வந்த இந்திய வாரிசுரிமைச் சட்டம் அவர்களுக்குத் தனி ஒழுங்கை வகுத்தது. ஆகவே அமெரிக்க மிஷனையோ கத்தோலிக்கத் திருச்சபையையோ சார்ந்த திண்டுக்கல் குடும்பங்களில் 1865-க்குப் பின் உயிலைத் தேடுவது பயனுடையது. ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளும் துணைநிற்கும். நியூ இங்கிலாந்து ஆய்வாளரின் முறை இவ்வூரில் ஓரளவேனும் நேராகச் செல்லும் இடம் இதுதான்.

நிலம் இல்லாதோர்

இதுவரை சொன்ன யாவும் நிலம் உடையோர்க்கு. பண்ணையில் உழைத்தோர், தோல் பதனிட்டோர், சுருட்டுச் சுற்றியோர் ஆகியோரின் பெயர்கள் முதற் புத்தகத்தில் அரிதாகவே ஏறின. சாட்சிக் கையொப்பங்களிலும் கைநாட்டுகளிலும் அவர்களுள் சிலர் தென்படலாம். தந்தை பெயரோடு தென்பட்டால் அதுவும் ஒரு தலைமுறைச் சான்றே. நத்தத்து மனைகளின் பத்திரங்கள் சிறு மதிப்புடையவை. நூறு ரூபாய்க்குக் கீழ்ப்பட்டதால் பதியப்படாமல் போனவை பல.

ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கு நிலம் ஒப்படைக்க 1892-இல் பிறந்த அரசாணை வேறொரு தடத்தை உருவாக்கியது. பஞ்சமி நிலம் என்று வழங்கும் அந்நிலங்களைக் குறித்த காலத்துக்குக் கைமாற்றக் கூடாது, பின்னரும் அவ்வகுப்பினர்க்கே தரலாம் என்பன நிபந்தனைகள். ஒப்படைப்புப் பதிவேட்டில் பெற்றவர் பெயர் உண்டு. அதே புல எண்ணின் இன்றைய பட்டாவில் இருக்கும் பெயரோடு அப்பெயரைத் தொடர்புபடுத்த இயலாமற் போகும் இடங்களில், இடையில் நிகழ்ந்தது என்ன என்பதற்கு விடை வில்லங்கச் சான்றில் இருக்கும், அல்லது எந்த ஆவணத்திலும் இராது. குடும்பத்தாரின் நினைவில் மட்டும் அந்நிலத்துக்குப் பாட்டன் பெயரிட்ட ஒரு தோட்டப் பெயர் எஞ்சியிருக்குமாயின், அதனைப் புல எண்ணோடும் சொன்னவர் வயதோடும் எழுதிக்கொள்ள வேண்டும். அண்டை நிலத்துப் பழைய கிரயப் பத்திரம் ஒன்றின் நான்கெல்லையில் அப்பெயர் நிற்கக்கூடும்.